பீடிகைக்கு உறுதி எழுத முடியுமா?

2025 நவம்பர் 16ஆம் திகதி இரவு, திருகோணமலைக் கடற்கரையில் ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டது. கரையோரத்தில் அனுமதியின்றிக் கட்டுமானம் நடக்கிறது என்று முன்பே முறைப்பாடு போயிருந்தது. பொலிஸார் அன்றிரவே சிலையை எடுத்துச் சென்றார்கள். மறுநாள் அதே பொலிஸார் அதே சிலையைக் கொண்டுவந்து, அதே இடத்தில், காவலோடு வைத்தார்கள். சிலையின் பாதுகாப்புக் கருதியே எடுத்தோம் என்று பாராளுமன்றத்தில் விளக்கமும் சொல்லப்பட்டது. ஒரு நாட்டின் சட்டம் ஒரு பகலுக்குள் தன் சொல்லைத் தானே விழுங்கியதை ஊர் முழுவதும் பார்த்து நின்றது.

அந்தச் சிலையில் குற்றமில்லை. கருணையே வடிவான ஒருவரின் திருவுருவம் அது. அதை எடுப்பதற்கும் வைப்பதற்கும் பொலிஸாரின் கை வேண்டியிருந்ததே, அங்கேதான் மனம் இடறுகிறது.

கோணேசர் குடிகொண்ட ஊர் திருகோணமலை. விகாரையும் பள்ளிவாசலும் வேதக்கோயிலும் அங்கே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இப்படிப் பல சமயத்தவரும் புனிதம் என்று கும்பிடும் ஓரிடத்தில் அரசு எங்கே நிற்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடி நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. அரசு வாசலில் நிற்க வேண்டும். வருகிறவர்க்கெல்லாம் வழிவிட்டு, அடிபிடி வராமல் பார்த்து, வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளே நுழைந்து, இருக்கையைப் பிடித்து, இது இன்னாருடையது என்று பெயர் எழுதுகிற அரசு, அந்த இடத்தின் புனிதத்தையும் தன் நீதியையும் ஒருசேரக் கெடுத்துவிடுகிறது. அறநூல்கள் இதை ஒரே குரலில் சொல்கின்றன. நம்முடைய தீவகத்தின் பழங்கதைகளும் இதையே சொல்கின்றன.

மண்டைதீவுச் சந்தியில் ஒருநாள் காலையில் நின்று பார்த்தால் இது கண்முன்னே தெரியும். பண்ணைக் கடல்வீதியைத் தாண்டி வருகிற எந்த வாகனமும் அந்தச் சந்தியைத் தொடாமல் மேற்கே போக முடியாது. தெற்கிலிருந்து இரவிரவாக ஓடி வந்த பஸ் ஒன்று, முன்கண்ணாடியில் பௌத்த கொடியோடு போகும். யன்னலோரத்தில் வெள்ளையுடுத்த ஆச்சிமார், தூக்கம் கலையாத கண்களோடு கடலைப் பார்த்திருப்பார்கள். அதன் பின்னாலேயே யாழ்ப்பாணத்து மினிபஸ். அதற்குள் பட்டுச்சேலையும் திருநீறுமாக நம்முடைய சனம். ஆனி மாதத்துத் திருவிழாக் காலமென்றால் நிற்கவும் இடமிருக்காது. இரண்டு வாகனமும் வேலணை, புங்குடுதீவு என்று ஒரே வீதியில் ஓடிக் குறிகட்டுவானில் ஆட்களை இறக்கும்.

அங்கிருந்து எல்லாருக்கும் ஒரே படகு. அடித்தட்டில் முழங்கால் இடிபடக் குந்தியிருக்க வேண்டும். டீசல் மணம் ஒருபக்கம், உப்புத் தண்ணீர்த் தெறிப்பு ஒருபக்கம். ஒருத்தியின் மடியில் ஈரத்துணியில் சுற்றிய தாமரை மொட்டு. பக்கத்தில் இருப்பவளின் மடியில் தேங்காய், வெற்றிலை, கர்ப்பூரம். கடல் கொஞ்சம் எகிறினால், அருகில் இருப்பவர் எந்தச் சமயம் என்று பார்த்து யாரும் கையைப் பிடிப்பதில்லை. கிடைத்த கையைப் பிடிக்கிறார்கள். நயினாதீவில் அம்மனுக்கு ஓர் இறங்குதுறை, விகாரைக்கு ஓர் இறங்குதுறை. ஆனால் விகாரையில் பூ வைத்துவிட்டு வருகிற சிங்களத் தாய் நாகபூஷணி அம்மன் முன்னாலும் கைகூப்பி நிற்கிறாள். பள்ளிவாசலில் தொழுகிற முஸ்லிம் மக்களும் அதே தீவில் வாழ்கிறார்கள். அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் பந்தி விரிக்கும்போது யாரிடமும் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. ஒரு சிறிய தீவு இத்தனையையும் தாங்குகிறது. அதைத் தாங்க முடியாதது அதிகாரம் மட்டுமே.

அந்தத் தீவு நமக்கு நயினாதீவு. சிங்கள மக்களுக்கு அது நாகதீபம். மணிமேகலை சொல்லும் மணிபல்லவமும் இதுவே என்பது தீவகத்தார் வழிவழியாகப் போற்றிவரும் நம்பிக்கை. இந்தப் பெயர்களைத் தொட்டு நடக்கும் சண்டையைப் பார்க்கும்போது, அந்தப் பெயர்களோடு வந்த கதையை இரு தரப்பும் மறந்துவிட்டன என்றே எண்ண வேண்டியிருக்கிறது. கதை இரு தரப்புக்கும் ஒன்றுதான். மகாவம்சத்தின் முதல் அத்தியாயம் சொல்வது இது. நாகதீபத்தில் மகோதரன், சூளோதரன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவன் மாமன், மற்றவன் மருமகன். மணி பதித்த ஆசனம் ஒன்றுக்காக இருவரும் படை திரட்டிப் போருக்கு நின்றார்கள். ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் புத்தர் அங்கே வந்து, அறம் உரைத்து, அவர்களை இணக்கினார். மணிமேகலையிலும் இரண்டு நாக மன்னர்கள் அதே ஆசனத்துக்காக, பீடிகைக்காக, மோதுகிறார்கள். தமிழ்க் காப்பியம் இன்னும் நுட்பமாக ஒன்றைச் சொல்கிறது. பீடிகையைத் தூக்க இருவராலும் முடியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. கண் சிவந்து, சேனையோடு சேனை மோதி அழிந்துகொண்டிருந்தபோதுதான் புத்தர் வந்து, செருவை ஒழியுங்கள் என்று சொல்லி, அதில் அமர்ந்து அறம் பகர்ந்தார். மணிமேகலையில் சாத்தனார் எழுதியதும் மகாவம்சத்தில் மகாநாமர் எழுதியதும் ஒன்றாகிவிட்ட இடம் இது. இரண்டு மொழி, இரண்டு மரபு, ஒரே பாடம்: பீடிகையைத் தனக்கு என்று பற்றுகிறவனுக்கு அது கிடைப்பதில்லை.

அதே தீவின் சைவ மரபும் ஒரு சண்டைக் கதையையே சொல்கிறது. அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் கொத்த வந்தது. நாகம் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிரே ஒரு பாறையில் அமர்ந்தது. அந்தவழியாக மரக்கலத்தில் வந்த வணிகன் நடுவில் புகுந்து, இரண்டையும் சமாதானம் செய்து, தன் பொருளைச் செலவிட்டு அம்மனுக்குக் கோயில் எடுத்தான். அந்தப் பாறைகளை இன்றும் கடலில் காட்டுவார்கள். இந்தக் கதையில் வணிகன் எந்தப் பக்கமும் சேரவில்லை. பூவையும் அவன் பறிக்கவில்லை. தன் கையிலிருந்து கொடுத்தான். நடுவர் என்று நிற்கிறவர்க்கு இதைவிட நல்ல இலக்கணம் எழுத முடியாது.

அரசு எப்படி நின்றது என்பதற்கும் அங்கேயே கல் சாட்சி உண்டு. நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. சிங்கள மன்னன், பௌத்த மன்னன். ஆணையோ தமிழில். ஊராத்துறைக்கு வருகிற பரதேசிகளை, பிற தேசத்தாரை, காக்க வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கே அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றப் பண்டம் ஏற்றிய கலமானால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. தன் சமயத்தைக் கைவிடாத அரசன், தன் ஆணையைப் பிறர் மொழியில் எழுதி நிறுத்தினான். உடையவனை உடையவன் என்று ஏற்றுக்கொண்டான். கடலில் உடைந்த கப்பலுக்குக்கூட உரிமை பார்த்த நீதி, இன்று உறுதி கையிலுள்ள காணிக்குப் பார்க்கப்படுவதில்லை.

தையிட்டியைப் பாருங்கள். போர்க்காலத்தில் உயர்பாதுகாப்பு வலயம் என்று சனத்தை எழுப்பிவிட்ட மண். அந்தச் சனம் திரும்பி வந்தபோது, தங்கள் உறுதிக் காணியில் திஸ்ஸ விகாரை எழுந்து நின்றது. போயா தினம்தோறும் விகாரைக்கு வெளியே காணிக்காரர்கள் நின்று குரல் கொடுக்கிறார்கள். உள்ளே பிரித் ஓதும் ஒலி, வெளியே காணி கேட்கும் ஒலி, நடுவில் பொலிஸ் வேலி. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் நீதிமன்றக் கட்டளைகளைப் பொருட்படுத்தாமல் கட்டுமானம் நடந்ததாக வழக்கு மேல் வழக்கு. அந்த வழக்கை விசாரித்த மாவட்ட நீதிபதியே உயிரச்சுறுத்தல் என்று சொல்லி 2023 செப்டெம்பரில் பதவி விலகினார். வெடுக்குநாறிமலையில் 2024ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் வழிபடப் போனவர்களைக் கைது செய்தார்கள். நீதிபதி அஞ்சும் இடத்தில், பக்தன் விலங்கோடு இறங்கும் மலையில், எந்தத் தெய்வம் மனமுவந்து இருக்கும்?

புத்தர் பெயரால் இவை நடப்பதால் புத்தரையே கேட்போம். பஞ்சசீலத்தில் இரண்டாவது சீலம், கொடுக்கப்படாததை எடாதே என்பது. துறவிக்கு அது இன்னும் கடுமை. கொடாததைக் கவர்ந்த பிக்கு சங்கத்திலிருந்தே வீழ்ந்தவன் என்கிறது விநயம். அப்படியானால் உரியவர் கொடுக்காத காணியில் எழும் விகாரை, முதற்கல் வைக்கும்போதே சீலத்தை மீறி எழுகிறது. சேதவனம் எப்படிக் கிடைத்தது என்பதைப் பௌத்தக் குழந்தைகளும் படிக்கிறார்கள். சேத குமாரன் தன் சோலையை விற்க விரும்பவில்லை. நிலம் முழுவதும் பொற்காசு பரப்பினால் தருவேன் என்றான். அனாதபிண்டிகர் வண்டி வண்டியாகப் பொன் கொண்டுவந்து பரப்பி, விலை கொடுத்து வாங்கிய பிறகே புத்தருக்கு அங்கே ஆராமம் எழுந்தது. அரசனிடம் போய் வர்த்தமானி கேட்கவில்லை. உபாலி என்ற செல்வன் சமணம் விட்டுப் புத்தரிடம் வந்தபோது, உன் வீட்டு வாசலில் இதுநாள்வரை பிச்சை பெற்ற நிகண்டர்களுக்கு இனியும் கொடு என்று புத்தரே சொன்னார். தன்னிடம் வந்தவனின் வீட்டு வாசலைக்கூடத் தனக்கு மட்டும் என்று அடைக்காதவர் அவர்.

அவருடைய அறத்தை உலகுக்குப் பரப்பிய அசோகன் தன் 12ஆம் பாறைச் சாசனத்தில் அரசுகளுக்கெல்லாம் ஒரு பாடம் வெட்டி வைத்தான். தன் சமயத்தை உயர்த்துவதற்காகப் பிற சமயத்தைத் தாழ்த்துகிறவன் தன் சமயத்துக்கே பெருங்கேடு செய்கிறான் என்பது அதன் சாரம். அசோகனின் மகன் மகிந்தர்தான் இந்தத் தீவுக்குத் தருமத்தைக் கொண்டுவந்தார் என்று மகாவம்சம் பெருமைப்படுகிறது. மகனிடமிருந்து தருமத்தை வாங்கிக்கொண்டு, தகப்பனின் சொல்லைக் கடலில் போடலாமா?

மகாவம்சத்தையே எடுத்துப் படிப்பவர்கள் எல்லாளனின் கதையையும் படிக்க வேண்டும். அவன் தமிழன், பௌத்தன் அல்லன். ஒருநாள் அவன் தேர் தற்செயலாக ஒரு தூபியில் மோதிப் பதினைந்து கல் பெயர்ந்தது. உடனே இறங்கி, இந்தச் சக்கரத்தால் என் தலையை அறுங்கள் என்று வீதியில் கிடந்தான். தூபியைப் புதுப்பித்தால் போதும் என்று அமைச்சர்கள் தேற்றினார்கள். பதினைந்து கல்லுக்காகப் பதினைந்தாயிரம் காசு செலவிட்டான். தன்னுடையதல்லாத சமயத்தின் பதினைந்து கல்லுக்குத் தன் தலையைக் கொடுக்க வந்தவனை, எதிர்த்துப் போர் செய்த துட்டகைமுனுவே சமாதி எழுப்பி வணங்கினான். அந்த இடத்தைக் கடக்கும்போது வாத்தியம் முழக்கக் கூடாது என்று கட்டளையும் இட்டான். பிற சமயத்தின் இடத்துக்கு ஆள்பவன் காட்ட வேண்டிய கூச்சம் இது. இலங்கையின் பழைய நூலே இதைப் பதிந்து வைத்திருக்கிறது.

தமிழ் அறநூல்களும் இதில் வழுவவில்லை. கோலோடு நின்று குடியிடம் பொருள் கேட்கும் மன்னனை, வேலோடு நின்று தா என்று மிரட்டும் வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். பிறர் பொருளை நடுவின்றி விரும்பினால் குடியும் கெட்டுக் குற்றமும் சேரும் என்று வெஃகாமையில் எச்சரித்தார். துலாக்கோல்போல் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதே சான்றோர்க்கு அணி என்றார். கணியன் பூங்குன்றனார் எல்லா ஊரையும் தன் ஊராகக் கண்டார். எல்லா ஊரையும் தன் உடைமையாகக் கொள்ளச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துச் சைவம் தன் தலைமேல் வைத்துப் போற்றும் சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் இன்னும் தெளிவாகச் சொன்னார்: நீ எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அந்தத் தெய்வமாக வந்து அருள்பவன் மாதொரு பாகனே. இதை நம்புகிற சைவனுக்கு விகாரையின் மீது பகை வர இடமே இல்லை. அவன் கேட்பது காணி. அவன் கேட்பது நீதி.

உலகத்தில் இந்தக் கேள்வியால் மிக அதிகம் புண்பட்ட நகரம் எருசலேம். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் மூவருக்கும் அது உயிர். 1947 நவம்பர் 29ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, அந்த நகரத்தை எவருக்கும் கொடாமல் சர்வதேச நிர்வாகத்தின் கீழ் வைக்கத் தீர்மானித்தது. அது நடக்கவில்லை. அடுத்த ஆண்டே போரில் நகரம் இரண்டாகப் பிளந்தது. 1967இல் கிழக்குப் பகுதியையும் இஸ்ரேல் கைப்பற்றியது. 1980இல் முழு நகரமும் தன் தலைநகர் என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டம் செல்லாது என்று பாதுகாப்புச் சபை 478ஆம் தீர்மானத்தில் சொன்னது. சட்டம் போட்டு நாற்பத்தைந்து ஆண்டு கடந்தும் அங்கே ஒரு பெருநாள் அச்சமில்லாமல் கழிவதில்லை.

அதே நகரத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தின் கதவுச் சாவி, தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பத்தார் கையில் இருக்கிறது. கிறிஸ்தவத்துக்குள்ளேயே பல பிரிவினர் அங்கே உரிமை பேசுவதால், யாருக்கும் சார்பில்லாத கைதான் பொருத்தம் என்று வழக்கம் கண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓட்டோமான் சுல்தான், உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்று ஆணையிட்டார். அந்தக் கோயிலின் முகப்பு யன்னலுக்குக் கீழே மரஏணி ஒன்று சாத்தியிருக்கிறது. ஒரு பிரிவார் அதை எடுத்தால் மற்றப் பிரிவாரின் உரிமையைத் தொட்டதாகிவிடும் என்பதால் நூற்றாண்டுகளாக அது அங்கேயே இருக்கிறது. சண்டை அடங்கியது யாருக்கோ கொடுத்த வெற்றியால் அல்ல, எல்லாரும் வைத்துக்கொண்ட பொறுமையால். எருசலேமுக்குள் நுழைந்த கலீபா உமர், தேவாலயத்துக்குள் தொழ அழைத்தபோது மறுத்து வெளியே தொழுதார் என்று மரபு சொல்கிறது. நான் உள்ளே தொழுதால், நாளை என் மக்கள் இதைத் தங்களுடையது என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் அச்சம். வென்றவன் வாசலுக்கு வெளியே நின்றான். இயேசுவும் சமாரியப் பெண்ணிடம், இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல, ஆவியிலும் உண்மையிலும் தொழும் காலம் வருகிறது என்றே சொன்னார்.

நம் கடலிலேயே ஒரு சான்று இருக்கும்போது எருசலேம் வரை போனது ஏன் என்று நெடுந்தீவார் கேட்பார்கள். நியாயம். 1974இல் கச்சதீவு இலங்கைக்கு என்று இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் கையெழுத்திட்டன. அந்த ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்தியாவிலிருந்து அந்தோனியார் திருவிழாவுக்கு வருகிற யாத்திரிகர்களுக்குப் பயண ஆவணமும் வேண்டாம், விசாவும் வேண்டாம் என்கிறது. மீன்பிடி பற்றிய பிணக்கு இன்றைக்கும் தீரவில்லை. எல்லைக்கோட்டைப் பற்றிய அரசியலும் ஓயவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் அந்த மண்ணில் இரு கரைத் தமிழரும் ஒரே திருப்பலியில் நிற்கிறார்கள். ஆட்சி ஒன்று, வழிபாடு வேறு என்று பிரித்துப் பார்க்க அரசுகளுக்குத் தெரியாமல் இல்லை. மனம் இருந்தால் தெரிகிறது.

மனம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குக் கதிர்காமம் ஆறாத வடு. செல்வச்சந்நிதியிலிருந்து கால்நடையாக இந்த நாட்டின் கிழக்குக் கரை முழுவதையும் கடந்து போகிறவர்களின் முருகன் அவன். வேடருக்கு வள்ளியின் கணவன். சிங்களவருக்குக் கதரகம தெய்யோ. திருவிழாக் காலத்தில் அங்குள்ள பள்ளிவாசலிலும் கொடி ஏறும். கருவறையில் யாருக்கும் உருவம் காட்டுவதில்லை. எல்லாச் சமயத்தாரும் கும்பிடுவது ஒரே திரையை. இத்தனை பேருக்கும் பொதுவான அந்தத் தேவாலயத்தை 1931ஆம் ஆண்டின் பௌத்த ஆதனச் சட்டத்தின் கீழ் பஸ்நாயக்க நிலமே என்னும் நிர்வாகி ஆளுகிறார். யாத்திரிகருக்காக இராமகிருஷ்ண மிஷன் கட்டிய மடமும் பிறகு அரசின் கைக்குப் போயிற்று. திரை இன்னும் தொங்குகிறது. திரைக்கு முன்னால் நின்ற சமத்துவம் போய்விட்டது.

‘புனித பூமி’ என்ற சொல்லும் நாட்டில் இப்படித்தான் பொருள் மாறிப்போனது. 2012 ஏப்ரலில் தம்புள்ளையில் பள்ளிவாசலைத் தாக்கியவர்கள் உச்சரித்த சொல் அதுதான். இது புனித பூமி, உங்களுக்கு இங்கே இடமில்லை என்றார்கள். அடுத்த ஆண்டு அங்கிருந்த பத்திரகாளி அம்மன் கோயிலும் போயிற்று. புனிதம் என்று சொன்ன வாயே கல் எறியச் சொன்னது. புனித பிரதேசங்களைப் பிரகடனம் செய்யும் அதிகாரத்தைக் கொழும்பு எடுத்துக்கொள்ள 2011இல் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தபோது, காணி மாகாணத்துக்கு உரியது, மாகாண சபைகளிடம் கேட்காமல் இதைச் செய்ய முடியாது என்று உயர் நீதிமன்றம் தடுத்தது. 2020இல் கிழக்கின் தொல்லியல் மரபுகளைக் காக்கவென்று ஜனாதிபதி அமைத்த செயலணியில், தொடக்கத்தில் தமிழர் ஒருவரும் இல்லை, முஸ்லிம் ஒருவரும் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் பழமையை அவர்கள் இல்லாமலே தீர்மானிக்க முடியும் என்று எண்ணிய அரசு, எந்த வாசலில் நிற்கிறது?

மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. பழைய தூபிகளும் விகாரை அடித்தளங்களும் கவனிப்பாரற்று அழியக் கூடாது. பௌத்தம் இந்த நாட்டின் நீண்ட நினைவு. அதைக் காப்பது அரசின் கடமையே. ஆனால் காப்பது வேறு, கவர்வது வேறு. கந்தரோடையின் தூபிகள் யாழ்ப்பாணத்து மண்ணில்தான் இருக்கின்றன. மணிமேகலை தமிழ்ப் பௌத்தத்தின் காப்பியம். பௌத்தம் தமிழருக்கும் உரிய மரபு என்று சொல்லும் மண்ணில், பௌத்தச் சின்னம் கிடைத்தாலே தமிழன் காணி போகும் என்ற அச்சத்தை உண்டாக்கியது யார்? 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அதையே தொடர்ந்தது. 10ஆம் உறுப்புரை எல்லாருக்கும் மனச்சாட்சியின் சுதந்திரத்தைக் கொடுத்தது. ஒன்பதைப் படிக்கும் அதிகாரி பத்தையும் படித்தால் பாதிச் சண்டை ஓயும்.

இதைச் சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமானால் நம் கையையும் விரித்துக் காட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தில் நயினாதீவு விகாரை தாக்கப்பட்டது. தெற்கில் தமிழர் பட்ட வேதனைக்கு இங்கே புத்தர் என்ன பிழை செய்தார்? 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஓரிரு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். அவர்களின் தொழுகை இல்லாத பள்ளிவாசல்களைப் பார்த்தும் எத்தனை பேர் வாய் திறந்தோம்? கடலுக்கு அக்கரையில், முருகன் கோயிலும் சிக்கந்தர் தர்காவும் ஒரே மலையில் இருக்கும் திருப்பரங்குன்றத்தில், ஒரு கார்த்திகைத் தீபமே 2025 டிசம்பரில் வழக்காகவும் பகையாகவும் மாறியதைப் பார்த்தோம். அயோத்தியில் 1992 டிசம்பர் 6ஆம் திகதி இடிக்கப்பட்ட பள்ளிவாசலின் தூசி இன்னும் அடங்கவில்லை. பெரும்பான்மை என்ற பலம் எந்தச் சமயத்தின் கையில் இருந்தாலும், அந்தக் கைக்கு ஒரே ஆசைதான் வருகிறது. தமிழன் பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் தமிழன் வாசலில் நின்றால்தான், மற்ற இடத்தில் அரசை வாசலில் நிற்கச் சொல்லும் வாய்க்கு வலுவிருக்கும்.

செய்ய வேண்டியவை எவை என்பதில் மயக்கமில்லை. தையிட்டியில் உறுதிக் காணி உறுதி வைத்திருப்பவரிடம் போக வேண்டும். நீதிமன்றக் கட்டளை சந்நியாசிக்கும் சம்சாரிக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பழஞ்சின்னங்களைத் தோண்டுகிற குழுவில் அந்த மண்ணில் வாழ்கிறவர்கள் இருக்க வேண்டும். பொதுவான தலத்தை நடத்தும் சபையில், அங்கே கும்பிடுகிற எல்லாரும் இருக்க வேண்டும். நயினாதீவுப் பெயர்ப்பலகையில் நயினாதீவும் இருக்கட்டும், நாகதீபமும் இருக்கட்டும். ஒன்றை அழித்து மற்றதை எழுத வேண்டிய தேவை கடவுளுக்கு இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையைத் திருத்துவதும், படகு பாதுகாப்பாக ஓடுகிறதா என்று பார்ப்பதும், திருவிழாவில் குடிநீர் கொடுப்பதுமே அங்கே அரசுக்கு உரிய திருப்பணி. அதைச் செவ்வனே செய்கிற அரசை எந்தத் தெய்வமும் கைவிடாது.

நாக அரசர்களின் கதைக்கு மகாவம்சம் சொல்லும் முடிவை மறந்துவிடுகிறோம். சண்டை தீர்ந்த பிறகு இரு நாகர்களும் அந்த மணியாசனத்தைப் புத்தருக்கே கொடுத்தார்கள். அவர் அதில் அமர்ந்தார், அறம் சொன்னார், அவர்கள் தந்த உணவை உண்டார். தமக்கு நிழலாக வந்த மரத்தையும் அந்த ஆசனத்தையும் அவர்களிடமே வணங்கக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். கொடுத்ததைக்கூட வைத்துக்கொள்ளாமல் போனவரின் பெயரில், கொடுக்காததை எடுப்பவர்கள் எந்த முகத்தோடு அவர் முன்னால் பூ வைப்பார்கள்?